ஒரே உதையில் கிளம்பும் வண்டி

நகர வேண்டாம் தம்பி, ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க. எனக்கு இது போதும். வால்பாறை வரைக்குந்தான் போறேன். அங்க எஸ்டேட்டுல ஒருத்தர் பழைய பைக்கு ஒண்ணு வெச்சிருக்காரு, கிளம்ப மாட்டேங்குது, வந்து சித்த பாத்துக் குடுங்கன்னாரு. இல்லீங்க, நான் மெக்கானிக்கு இல்ல. ஹைஸ்கூல்ல ட்ராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். பேரு நாச்சிமுத்து.

பைக்கு பாக்கப் போறவரு பைக்குல போகாம ஏன் பஸ்ஸுல போறீங்கன்னுதான கேக்கறீங்க? எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. என்ற வண்டிய எங்கூட்டுக்காரி எடுத்துட்டுப் போயிட்டா. ஆமாங்க, மோட்டார் சைக்கிளத்தான். ஜப்பான்காரன் வண்டி, எழுபதுகள்ல செஞ்சது, ரெண்டு சிலிண்டரு. நீங்க பொறக்கறதுக்கு முந்தியே வயசுக்கு வந்த வண்டி. எஸ்டேட்டு மேனேஜர் ஒருத்தர் கப்பல்ல எறக்கி ஓட்டிட்டு இருந்தாரு. அவரு ஊருக்குப் போறப்ப நான் வாங்கினேன். அதை எங்கூட்டுக்காரி இன்னைக்கு வெடியால, பொழுது கெளம்பறப்பவே, ஒரே உதையில கிளப்பிட்டு, "வர்றேனுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டா.

ஒரே உதையில. அதுதாங்க எனக்கு வருத்தம்.

உங்களுக்கு நேரமிருக்குதில்ல? வளைவெல்லாம் ஏறி முடிக்கறதுக்குள்ள சொல்லிடறேன்.

அந்த வண்டி என் ஒருத்தனுக்குத்தான் கிளம்பும். சாவிய நடுவாசல்ல போட்டுட்டு ஒறம்பரை ஊட்டுக்கு விருந்துக்குப் போனாலும் எவனும் எடுத்துட்டுப் போக முடியாது. ஏன்னா அது பாயிண்ட் வெச்ச வண்டி. இஞ்சினுக்குள்ள பெட்ரோல் எரியறதுக்கு ஒரு பொறி வேணுமில்லீங்களா, அந்தப் பொறி எப்பத் தெறிக்கணும்னு சொல்றது யாரு? அந்தக் காலத்து வண்டியில ஒரு சின்னக் கை இருக்கும், அதுதான் பாயிண்டு. நகத்தளவு. இஞ்சின் சுத்தச் சுத்த அதை ஒரு மேடு தட்டி விடும். கை தூக்குனா ஓடிட்டிருந்த கரண்டு பட்டுன்னு அந்துபோகும். அந்த நேரத்துல காயில்ல இருந்து பிளக்குல பொறி தெறிக்கும். அவ்வளவுதான். அந்தக் கை எவ்வளவு தூக்கணுமுங்கறது மயிரிழைக் கணக்கு. கொஞ்சம் கூடப் போனாலும் பொறி நேரந்தவறும். சீக்கிரமாத் தெறிச்சுட்டா கிக்கரு திருப்பி உதைக்கும். என்ற மொழங்கால்ல இன்னும் தடம் இருக்குது.

ஓட ஓட அது தேயும். மறுபடி வெக்கணும். எனக்கு ரெண்டு சிலிண்டரு, அதனால ரெண்டு கை. எடதைச் சரி பண்ணுனா வலது கோவிச்சுக்கும். ஞாயித்துக்கெழமையானா வெடியால உக்காந்தேன்னா மத்தியானச் சோத்துக்குத்தான் எந்திரிப்பேன். ஒரு பொடி பல்ப மாட்டி, அது எரியற நேரத்தப் பாத்துப் பாத்து வெப்பேன். நான் ட்ராயிங் மாஸ்டருங்க, கண்ணும் கையும் நமக்கு அப்படி. தெருவுல போறவங்க நின்னு, "என்ன மாஸ்டரே, இன்னைக்கும் ஆபரேசனா?"ன்னு கேட்டுட்டுப் போவாங்க. மரியாதையாத்தான் கேப்பாங்க.

கிளப்பறதுக்கும் ஒரு மொறை இருக்குது. சோக்கை இழுத்து, சாவியப் போடாம மெதுவா நாலஞ்சு தடவை மிதிச்சு, அப்பறம் சாவியப் போட்டு, எடது பக்கமா சித்த சாச்சு, ஒரு நிமிசம் அப்படியே உட்டுட்டு உதைக்கணும். மழைன்னா மூடியக் கழட்டி பாயிண்டைத் துணியில தொடைச்சுட்டு உதைக்கணும். எங்கூட்டுக்காரி பக்கத்துல பையோட நின்னு பாத்துட்டே இருப்பா. ஒரு நாளும் முணுமுணுத்ததில்ல. அவளுக்கும் பாக்கப் புடிக்கும்னுதான் நெனைக்கறேன்.

அவ பேரு சாந்தாமணி. எங்க பக்கத்துல கிராம நர்ஸு. ஆனைமலைக்கு இந்தப் பக்கம், மலையடிவாரத்துல இருக்கற ஊரெல்லாம் அவ கைக்குள்ள. தடுப்பூசி, மாசமா இருக்கறவங்களைப் பாக்கறது, எல்லாத்துக்கும் ஒரு மொபெட்டுல போயிட்டு வந்துட்டு இருந்தா. போன வருசம் மழை புடிச்ச புதுசுல அந்த மொபெட்டு இஞ்சின் இறுகிப் போச்சு. இனி அதைச் செய்யறதும் ஒண்ணு, பழைய இரும்புக்குப் போடறதும் ஒண்ணுன்னுட்டாங்க. நான் சொன்னேன், "நான் இருக்கறப்ப உனக்கு எதுக்கு அம்மிணி வண்டி? தெனமும் கொண்டாந்து உடறேன்."

கொண்டுபோய் உட்டேனுங்க. கொஞ்சம் முன்னப் பின்ன ஆவும். மழை நாள்ல பாயிண்ட் ஈரமாயிடும், தொடைக்கணும், மாட்டணும். ஒரு நாள் தடுப்பூசி போட வந்த தாய்மாருங்க பாதிப் பேரு காத்திருந்து காத்திருந்து ஊட்டுக்குப் போயிட்டாங்களாம். சாந்தாமணி அன்னைக்குச் சாயங்காலம் வந்ததும் பைய வெச்சுட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டா. கம்முனு வெங்காயம் உரிச்சா. அசதியா இருக்கும்னு நானும் தொந்தரவு பண்ணலை.

அதுக்கப்பறந்தான் தாராபுரத்துல ஒரு கல்யாணம். அவளுக்கு லீவு இல்ல, நான் மட்டும் போயிட்டு ரெண்டு நாளு கழிச்சு வர்றேன். பஸ்ஸை உட்டு எறங்கித் தெருவுல நடக்கறேன். என்ற வண்டிச் சத்தம் கேக்குது. உதைச்ச சத்தம் ஒண்ணு, உடனே இஞ்சின் சத்தம். நின்னுட்டேன். எனக்கே அது நாலு உதையாவும். யாரோ தொழில் நெம்பத் தெரிஞ்ச மெக்கானிக்கு வந்திருக்கான், யாருடா அதுன்னு ஓடறேன்.

வாசல்ல வண்டி மேல சாந்தாமணி. சேலைய வாரிச் சொருகிட்டு. பக்கத்துல அவ தம்பி திருமூர்த்தி, வண்டி ரிப்பேரு செய்யறவன், கையில ஸ்பேனரு.

"வாங்க மாமா, கல்யாணம் நல்லபடியா ஆச்சுங்களா?"ங்கறான்.

"என்ற வண்டிய என்ன பண்ணுன?"ன்னேன்.

"பாயிண்டைக் கழட்டிட்டு எலெக்ட்ரானிக் இக்னிசன் போட்டுட்டேனுங்க மாமா. அக்காதான் கேட்டாங்க. இனி பாயிண்ட் வெக்கற வேலையே இல்ல."

வேலையே இல்லைன்னு சிரிச்சுட்டே சொல்றான் பாருங்க.

நான் சாந்தாமணியப் பாத்தேன். "உனக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முந்தி எங்கப்பா வண்டிய ஓட்டிருக்கேனுங்க. தள்ளி நில்லுங்க, ஒரு சுத்து போயிட்டு வர்றேன்"னு போயிட்டா. போனவ நல்லாத்தான் ஓட்டுனா. வளைவுல மட்டும் கியரு கொறைக்க லேட்டு பண்ணுனா. அதை நான் அன்னைக்கே சொன்னேன்.

கழட்டுன பாயிண்ட் ரெண்டையும் திருமூர்த்தி தகர மூடியில போட்டு வெச்சிருந்தான், எண்ணெய்க் கறையோட. நான் எடுத்துத் தொடைச்சு பஞ்சுல சுத்தி பீரோவுல வெச்சுட்டேன். எனக்குத் தெரியுமுங்க, பாயிண்டுக்குப் பதிலா அவன் மாட்டுன அந்த எலெக்ட்ரானிக் பொட்டி நெலைக்காது. பாருங்க தம்பி, இரும்பு தேஞ்சா கண்ணுக்குத் தெரியும். பொட்டி செத்தா எப்படித் தெரியும்? கறுப்பா, மொழுமொழுன்னு, திறக்கவும் முடியாம ஒரு டப்பா. அதுகிட்ட என்னன்னு கேக்கறது?

அடுத்த நாள்ல இருந்து அவ பாட்டுக்கு வெடியால ஒரு உதை. போயிட்டா. மழையானாலும் ஒரு உதை. நான் வாசல்ல துணியக் கையில வெச்சுட்டு நிப்பேன், தேவைப்படுமேன்னு. தேவைப்படலை. தெருவுல போறவங்க, "என்ன மாஸ்டரே, ஞாயித்துக்கெழமை சும்மா உக்காந்திருக்கீங்க?"ங்கறாங்க. போதாக்கொறைக்கு தடுப்பூசிக்கு வர்ற பொம்பளைங்க எல்லாம், "நர்ஸம்மா வண்டிச் சத்தம் கேட்டாச்சு, கிளம்புங்க"ன்னு சொல்லிக்கறாங்களாம். நர்ஸம்மா வண்டி. கேட்டீங்களா?

நான் சண்டை போடற ஆளு இல்லீங்க. குத்தத்தைக் கண்டுபுடிச்சு, ஆதாரத்தோட அவங்க முன்னாடி வெக்கணும், அவங்களே கழட்டிடுவாங்கன்னு முடிவு பண்ணுனேன். அதுக்கு அந்தப் பொட்டிய நான் மொதல்ல தெரிஞ்சுக்கணும். பொள்ளாச்சி லைப்ரரியில இருந்து புஸ்தகம் கொண்டாந்தேன். திருமூர்த்திகிட்ட போயி கேட்டேன். அவனுக்கு மாட்டத்தான் தெரியும், விளக்கத் தெரியாது. "காந்தம் சுத்தும் மாமா, பொட்டி பாத்துக்கும்"ங்கறான். பொட்டி பாத்துக்குமாம். பள்ளிக்கூடத்துல இப்படிப் பதில் சொல்லிருந்தா முட்டி போட வெச்சிருப்பேன்.

நானே உக்காந்து படிச்சேன். அசல்ல அதுல என்ன இருக்குதுன்னா, தட்டி விடற கையே கெடையாது. இஞ்சின் தண்டுல ஒரு சின்னக் காந்தம். அது சுத்திட்டே ஒரு கம்பிச் சுருளைக் கடந்து போவும். தொடாது தம்பி, பக்கத்துல போவும், அவ்வளவுதான். காந்தம் கடந்தா சுருளுக்குள்ள ஒரு துளி கரண்டு துள்ளும். பொட்டி அதைக் காது வெச்சுக் கேட்டுட்டே இருக்குது. கேட்ட ஒடனே காயிலுக்குப் போற கரண்டை அறுத்து உட்டுரும். பாயிண்ட் செஞ்ச அதே வேலை, ஆனா தேயறதுக்கு ஒண்ணும் இல்ல. தொடாத பொருளு எங்க தேயும்? சுத்தற வேகம் கூடுனா அதுக்குத் தக்கன பொறியக் கொஞ்சம் முந்தித் தெறிக்க வெக்கும், எடது வலது ரெண்டுக்கும் ஒரே கணக்கு. இதைக் கண்டுபுடிச்சவன் கையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணுமுங்க.

இல்ல, நான் அதுக்கு எதிர்ப்புத்தான். எதிர்த்தாலும் உள்ளத உள்ளபடி சொல்லணுமில்லீங்களா.

பெரிய சார்ட்டுல படம் போட்டேன். காந்தம் செவப்பு, சுருளு பச்சை, கரண்டு போற வழி மஞ்சளு. சமையக்கட்டுல காலண்டர் மாட்டுன ஆணியில மாட்டி வெச்சேன், சாந்தாமணி தோசை சுடறப்பவாவது பாக்கட்டும்னு. அவ, "நெம்ப அழகா இருக்குதுங்க"ன்னா. நான் அழகுக்காகவா போட்டேன்?

படிச்சது சரியான்னு பாக்கணுமில்ல. அவ வேலை முடிச்சு வந்ததும் வண்டிய நான் எடுத்துக்குவேன். சாவியப் போட்டு வெச்சு, பல்ப மாட்டி, ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்துகிட்ட கொண்டுபோயி, பொட்டி கேக்குதா கேக்கலையான்னு பாத்துட்டே இருப்பேன். காப்பி குடிக்கப் போனாக்கூட சாவி போட்டபடிதான் கெடக்கும். ஒரு வாரம், பத்து நாளு இப்படி ஆராய்ச்சி.

அப்பத்தானுங்க அந்தக் காலை வந்துச்சு. நல்ல மழை. சாந்தாமணிக்கு போனு. மலையடிவாரத்துல ஒரு பதி இருக்குது, மலைக்காரங்க குடியிருப்பு. அங்க மாசாணின்னு ஒரு பொண்ணு, தலைப்பிரசவம். நாளு இன்னும் இருக்குதுன்னு இருந்தாங்க, வெடியால இருந்தே வலி. ஆம்புலன்ஸு வேற பக்கம் போயிருக்குது, வர நேரமாவுமாம். இவ பைய எடுத்து, ரெயின் கோட்டைப் போட்டு, வண்டியில ஏறி உதைச்சா.

கிளம்பலை.

மறுபடி உதைச்சா. கிளம்பலை. மூணாவதும் கிளம்பலை.

நான் உள்ள இருந்து வந்தேன். பொய் சொல்லக் கூடாது, நடையில ஒரு நிமிர்வு இருந்திருக்கும். "பாத்தியா அம்மிணி. நான் என்ன சொன்னேன்? பாயிண்டா இருந்தா பேட்டரி பாதி உசுரா இருந்தாலும் எப்படியோ ஒரு பொறி குடுக்கும். இந்தப் பொட்டி அப்படி இல்ல. பேட்டரியில வோல்ட்டேஜு ஒரு அளவுக்குக் கீழ எறங்குனா காது செவிடாயிடும். காந்தம் எத்தனை சுத்துனாலும் அதுக்குக் கேக்காது. இதைத்தான் நான் சார்ட்டுல..."

"அப்ப பேட்டரிதானுங்க கோளாறு?"ன்னா.

"பேட்டரி எறங்கிருக்குது. ஆனா அடிப்படையில கோளாறு என்னன்னா..."

"பொட்டி நல்லாத்தான இருக்குது?"

"பொட்டி நல்லாத்தான் இருக்குது, ஆனா..."

"பக்கத்தூட்டு ஸ்கூட்டர்ல இருக்கற பேட்டரி இதுக்கு ஆவுமா?"

ஆவுமுங்க. அதே வோல்ட்டேஜுதான். நான் வாயத் திறக்கறதுக்குள்ள அவ சுவத்தோரம் போயி கூப்பிட்டு, ஸ்கூட்டரு சாவிய வாங்கிட்டா. நான் என்ன பண்ணறது, கழட்டிக் குடுத்தேன். என்ற வண்டியில அது உக்கார்ற எடத்துல உக்காரலை, ஒரு வெரல் அகலம் கூடுதல். எடத்தைச் சரி பண்ண நேரமில்ல. ரெண்டு ஒயரை நீட்டி இழுத்துக் குடுத்து, பேட்டரியக் கையில புடிச்சேன். உதைச்சா. ஒரே உதை.

"பின்னாடி உக்காருங்க"ன்னா.

"யாரு?"

"நீங்கதான். பேட்டரிய மடியில வெச்சுக்குங்க. நனையாம பாத்துக்குங்க."

தம்பி, அந்த வண்டி வாங்குன நாள்ல இருந்து நான் அதோட பின்சீட்டுல உக்காந்ததே இல்லீங்க. அன்னைக்கு உக்காந்தேன். மடியில பக்கத்தூட்டுக்காரன் பேட்டரி, கோணிச்சாக்குல சுத்தி. அதுல இருந்து ரெண்டு ஒயரு என் தொடைக்கடியில போவுது. ஒரு கையில கொடை. கொடை எனக்கில்ல, பேட்டரிக்கு. தெருவே வாசல்ல நின்னு பாக்குது. ஆஸ்பத்திரியில பாட்டில் ஏத்திட்டுப் போற நோயாளியாட்டம் என்ற வண்டியும் நானும் போறோம்.

பேட்டரி எப்படி எறங்குச்சுன்னா கேக்கறீங்க? தெரியலீங்க. பழசாயிருக்கும். மழைக்குளிர்ல எறங்கும். நான்தான் ஆராய்ச்சிக்குச் சாவி போட்டு வெச்சிருந்தேன், ஆனா அது சாயங்கால நேரத்துல, வண்டி நின்னது காலையில. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஏன் தம்பி சிரிக்கறீங்க?

சரி. பதிக்கு முன்னாடி ஒரு ஓடை. மழையில தண்ணி தொடை வரைக்கும் வந்திருச்சு. வண்டி தாண்டாது. அந்தப் பக்கத்துல இருந்து ரெண்டு பேரு வந்து சாந்தாமணி கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. அவ பைய தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுட்டு எறங்குனா. போறப்ப திரும்பி, "அணைச்சுடாதீங்க"ன்னா.

நான் அணைக்கலை. மறுபடி கிளம்புமா கிளம்பாதான்னு யாருக்குத் தெரியும்? மத்தவங்க பேட்டரிய நம்பி நிக்கறோம். கொடையப் புடிச்சுட்டு, ஆக்சிலேட்டர முறுக்கி முறுக்கி உட்டுட்டே நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியலை. ஒரு காரியம் மட்டும் கவனிச்சேன் தம்பி. ரெண்டு சிலிண்டரும் ஒண்ணு சொன்ன மாதிரியே ஒண்ணு ஓடுது. அந்த மழையில, அவ்வளவு நேரம் நின்ன எடத்துலயே ஓடியும் ஒரு தடவை கூட விக்கலை. என்ற பாயிண்டா இருந்தா... சரி, அது எதுக்கு இப்ப.

அந்தக் கரையில என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியலை. குடிசை தெரியுது, வாசல்ல பொம்பளைங்க நிக்கறாங்க. இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. ஒரு நேரம் எல்லாரும் ஒரே மாதிரி அசையாம நின்னாங்க.  அப்பறம் ஒரு அம்மா தலையில கைய வெச்சுட்டுக் கீழ உக்காந்துட்டாங்க. அழறாங்களா சிரிக்கறாங்களான்னு தெரியலை. அணைச்சாக் கேக்கும். அணைக்க முடியலை.

பின்னால ஆம்புலன்ஸும் வந்துருச்சு. மாசாணிய பலகையில வெச்சு நாலு பேரு தூக்கி ஓடை தாண்டிக் கொண்டாந்தாங்க. பின்னாடி சாந்தாமணி, மாருல துணிமூட்டையோட. மூட்டை அசையுது. பொண்ணு. தாயும் புள்ளையும் ஆம்புலன்ஸுல ஏறிப் போயிட்டாங்க.

ஒரு அம்மா எனக்கு வரக்காப்பி கொண்டாந்து குடுத்தாங்க. குடுத்துட்டு, "நர்ஸம்மாவோட டிரைவருங்களா?"ன்னாங்க.

நான் சாந்தாமணியப் பாத்தேன். முப்பது வருசத்துக்கு மேல கட்டிக்கிட்டவ, இல்லீங்க, என்ற ஊட்டுக்காரருன்னு சொல்லுவான்னு பாத்தேன். அவ சொல்றா, "ஆமாங்க. நெம்ப நல்ல டிரைவரு. பின்னாடி உக்காந்துட்டே ஓட்டுவாரு."

அத்தனை பேரும் சிரிச்சாங்க. நான் காப்பியக் குடிச்சேன்.

திரும்பறப்பவும் அவதான் ஓட்டுனா. நான் எடுக்கறேன்னு சொல்லலாம்னு இருந்தேன், ஆனா பேட்டரி யாரு புடிக்கறது? மழை உட்டுருச்சு. மெதுவா ஓட்டிட்டு வர்றா. வர்றவ பேச ஆரம்பிச்சா.

கொழந்தை பொறந்ததும் அழுவலையாம். நீலமா இருந்துச்சாம். வாயத் தொடைச்சு, முதுகைத் தேச்சு, ஊதி, என்னென்னமோ பண்ணுனாளாம். "எத்தனை பிரசவம் பாத்திருக்கேன், இன்னைக்கு செஞ்சதையே திருப்பித் திருப்பிச் செஞ்சேனுங்க. அப்பறம் ஒரு விக்கல் மாதிரி வந்துச்சு. அதுக்கப்பறம் அழுதா பாருங்க, இத்தனூண்டு வயித்துல அவ்வளவு சத்தம்"ங்கறா. அவ சொல்லற ஒவ்வொரு வார்த்தையும் காத்துல என் காதுக்கே வந்து உழுவுது.

நான் கேட்டேன், "இதையெல்லாம் நீ எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே அம்மிணி?"

"சொல்லிருக்கேனுங்க."

"எப்ப?"

"உங்க பின்னாடி உக்காந்துட்டு வர்றப்பதான். ஊட்டுக்கு வந்தா சமையலு, புள்ளைங்க, உங்க பள்ளிக்கூடக் கதை. வண்டியில போறப்பத்தான் நமக்குன்னு சித்த நேரம். எத்தனையோ சொல்லிருக்கேன். நீங்க தலைய ஆட்டுவீங்க."

தம்பி, நான் தலைய ஆட்டுனது இஞ்சினுக்குங்க. ரெண்டு சிலிண்டரும் சேந்து ஓடுதான்னு காது குடுத்துட்டே ஓட்டுவேன். சரியா இருந்தா என்னை அறியாம தலை ஆடும். பின்னாடி இவ பேசுனது, முன்னாடி அடிக்கற காத்துல எனக்கு ஒரு எழுத்து கேட்டதில்ல.

"அப்ப என்ன சொன்னே? இப்பச் சொல்லு"ன்னேன்.

"எதைன்னு சொல்றது?"ன்னு சிரிச்சா. சித்த தூரம் போனா. அப்பறம், "சின்னவன் பொறந்த வருசம் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில எனக்கு வேலை கெடைக்கற மாதிரி இருந்துச்சு. போலாமுங்களான்னு கேட்டேன். தலைய ஆட்டுனீங்க. எனக்கு அன்னைக்கு நெம்பச் சந்தோசம். அப்பறம் நீங்க அந்தப் பேச்சையே எடுக்கலை. சரி, யோசிச்சுப் பாத்து வேண்டாம்னு நெனைச்சிருப்பாரு, ஏன் மறுபடி கேட்டுச் சங்கடப்படுத்தணும்னு உட்டுட்டேன்"ன்னா.

கோவமா சொல்லலீங்க. தடத்துல இருக்கற குழியப் பாத்து ஒதுக்கிட்டே சொன்னா.

 மடியில பேட்டரி கனத்துச்சு. ஆழியாத்துப் பக்கம் அப்பக் காத்து கொஞ்சம் எதிர்க்காத்துங்க. நான் ஏதாவது சொல்லிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. அதனால ஒரு கையக் கொண்டுபோயி அவ தோளு மேல வெச்சேன். "கொடைய உட்டுடாதீங்க"ன்னா. மழைதான் நின்னு போச்சே. ஆனாலும் அவ தோளைத் தட்டி உடலை.

அவ்வளவுதானுங்க கதை. இதுல பாருங்க, அந்த நாளைக்கப்பறம் எனக்கு ஒரு புது வேலை வந்து சேந்துருச்சு. மாஸ்டருக்கு எலெக்ட்ரானிக் இக்னிசன் அத்துப்படின்னு திருமூர்த்தி ஊரெல்லாம் சொல்லி வெச்சுட்டான். பழைய ஜப்பான் வண்டி வெச்சிருக்கறவன் எல்லாம் போனு பண்ணுறான். நானும் போயி பாக்கறேன். போனதும் மொதல்ல, "பேட்டரியப் பாத்தீங்களா?"ன்னு கேப்பேன். பாதிப் பேருக்கு அதுலயே முடிஞ்சிரும். மீதிப் பேருக்கு நான் காந்தத்தப் பத்தி விளக்கிச் சொல்லி, பாயிண்டைக் கழட்டிட்டு பொட்டி போட்டுக் குடுத்துட்டு வர்றேன். கொள்கையில நான் இப்பவும் பாயிண்ட் பக்கந்தான்.

சாந்தாமணிக்கு இந்த வருசக் கடைசியில ரிட்டயர்மெண்டு. போன வாரம் திருமூர்த்தி வந்திருந்தான். "மாமா, அக்காவுக்கு இனி வேலைக்குப் போற அவசரமில்ல. நீங்க ஆசையா வெச்சிருந்த பாயிண்டையே மறுபடி மாட்டிடலாமுங்களா? உங்க வண்டி உங்களுக்கே வந்துரும்"னான். அவ சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாத்தா. 

வேண்டாம்டா மாப்ளன்னுட்டேன்.

ஏன்னு கேக்கறீங்களா? நெறையக் காரணம் இருக்குதுங்க. அந்தத் தட்டற மேடு தேஞ்சு கெடக்குது. இந்த வயசுல கிக்கரு திருப்பி உதைச்சா மொழங்கால் தாங்காது. புது பேட்டரி வேற போட்டாச்சு. இதெல்லாத்தையும் உட முக்கியம், இப்ப ஞாயித்துக்கெழமையில நாங்க ரெண்டு பேரும் ஆழியாறு வரைக்கும் போயிட்டு வர்றோம். அவ ஓட்டுவா, நான் பின்னாடி. அவ பாட்டுக்குப் பேசிட்டே வருவா. நான் தலைய ஆட்டறதில்ல இப்ப, வாயால பதில் சொல்றேன். கேக்கலைன்னா வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டு, "என்ன சொன்னீங்க?"ங்கறா.

பின்சீட்டுல இருந்து கேட்டாத்தானுங்க இஞ்சின் எப்படி ஓடுதுன்னு சரியாத் தெரியுது. முன்னாடி உக்காந்தா காத்து அடிச்சுரும்.

மறுபடி சிரிக்கறீங்க. இது முழுக்க முழுக்க டெக்னிக்கல் காரணம் தம்பி.